துணி வளையட்டும், தோல் நிக்கட்டும் | நிலாச் சுரங்க உடுப்புக்குக் கழுத்துப் பட்டை

வணக்கம் மக்களே. சேலத்துல இருந்துதான் பேசறேன். ஃபேன் சத்தம் கேக்குதுன்னு போன வீடியோவுல ஆளாளுக்குத் திட்டுனீங்க, அதனால ஃபேனை நிறுத்தியாச்சு. வேர்த்து ஊத்தும், கண்டுக்காதீங்க.

விழாவுக்குப் போடறதுக்கு நாமளே செய்யற நிலாச் சுரங்க வேஷத்துல இன்னைக்குக் கழுத்து. ஹெல்மெட் முடிஞ்சுது, மார்க்கவசம் முடிஞ்சுது. ரெண்டுத்துக்கும் நடுவுல நாலு விரக்கடை அளவுக்குச் சதை தெரியுது பாருங்க, அதை மூடணும். நீங்க எவ்வளவு செலவு பண்ணி ஹெல்மெட் செஞ்சிருந்தாலும் சரி, அந்த இடுக்குல டீ-ஷர்ட் காலர் எட்டிப் பாத்தா நிலாவுல நிக்கற ஆளு மாதிரியா இருக்கும்? அஞ்சு ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கும்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் கேரக்டர் எந்தப் படத்துலயும் வராது, நானா யோசிச்சது. நிலாவுல கல்லு வெட்டப் போன சேலத்து ஆளு. கமெண்டுல ஒருத்தர் கேட்டிருந்தாரு, நிலாவுக்கும் சேலத்துக்கும் என்னங்க சம்பந்தம்னு. இருக்குதுங்க. சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் இங்க தரையில வச்சு ஓட்டிப் பாக்க இஸ்ரோவுக்கு நிலா மண்ணு மாதிரி ஒரு மண்ணு வேண்டியிருந்துச்சு. அதுக்கு அனார்த்தோசைட்டுன்னு ஒரு பாறை வேணும். அது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊருங்கள்ல கெடைக்குது. நம்ம பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறைக்காரங்களும் சேர்ந்து அந்தக் கல்லை எடுத்துக் குடுத்தாங்க, அரைச்சுத்தான் மண்ணாக்குனாங்க. நாமக்கல்லும் முன்னாடி சேலம் ஜில்லாதானே. இந்தப் பக்கம் ஏற்காடு அடிவாரத்துல வெள்ளைக்கல் சுரங்கம் வேற. கல்லு வெட்டற ஆளை வேற எந்த ஊர்ல இருந்து அனுப்புவாங்க, சொல்லுங்க.

சரி, வேலைக்கு வரேன். கழுத்துப் பட்டைன்னு நெட்ல தேடுனா பாதிப் பேரு முழுக்கத் தோல்லயே செஞ்சு வச்சிருக்காங்க. போட்டோவுல பிரமாதமா இருக்கும். போட்டுக்கிட்டு குனிஞ்சு செருப்பைப் பாருங்க பாக்கலாம். தாடையில இடிக்கும். மீதிப் பேரு முழுக்கத் துணி. மதியத்துக்குள்ள சுருங்கி, மப்ளர் கணக்கா கீழ எறங்கிடும். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: கழுத்து எங்க மடங்குதோ அங்க துணி, எங்க மடங்கக் கூடாதோ அங்க தோல். கத்தரிக்கோலைத் தொடறதுக்கு முன்னாடி இந்தக் கோட்டை முடிவு பண்ணிடுங்க.

நிஜமான விண்வெளி உடுப்பு தைக்கறவங்களும் இதே பிரச்சனையோடதான் மல்லுக்கட்டி இருக்காங்க. 1984ல ராகேஷ் சர்மா போட்டுட்டுப் போன ரஷ்ய சோகோல் உடுப்பைப் பாருங்க. கழுத்துல இரும்பு வளையமே கெடையாது, தலைப்பகுதியைத் துணியாவே உடுப்போட சேத்துத் தச்சிருக்கும். அமெரிக்கக்காரங்க விண்வெளியில நடக்கறதுக்குப் போடறதுல நேர் எதிர். கழுத்துல கெட்டி வளையம், ஹெல்மெட் அசையவே அசையாது, தலை மட்டும் உள்ள திரும்பிக்கணும். அமெரிக்கக்காரங்க முதமுதல்ல ஆளை விண்வெளிக்கு அனுப்புன மெர்குரி திட்டத்துக் காலத்துல 'நெக் டேம்'னு ரப்பர்ல ஒரு கழுத்துப் பட்டை குடுத்திருந்தாங்க. கடல்ல வந்து எறங்கின பிறகு ஹெல்மெட்டைக் கழட்டினா, கழுத்து வழியா உடுப்புக்குள்ள தண்ணி போகக் கூடாதில்ல, அதுக்கு. 1961 ஜூலையில கஸ் கிரிஸ்ஸம்ங்கற மெர்குரி விண்வெளி வீரரோட கலம் முழுகிடுச்சு, மனுசன் நீந்தித் தப்பிச்சாரு. அன்னைக்கு அவரு கழுத்துல அந்த ரப்பர் இருந்துச்சு. இதையெல்லாம் படிச்ச பிறகு எனக்குக் கழுத்துப் பட்டை மேல தனி மரியாதை.

பேட்டர்ன். இங்கதான் நிறையப் பேரு சறுக்குறாங்க, நிதானமாவே சொல்றேன். நீட்டமா ஒரு பட்டி வெட்டிச் சுத்துனா போதும்னு தோணும். கழுத்து குழாய் இல்லீங்க. கீழ அகலம், மேல குறுகல், அதுவும் முன்னால சாஞ்சு நிக்குது. நேர்ப் பட்டி வெட்டினா மேல் விளிம்பு காதுக்குக் கீழ பேன்னு திறந்து நிக்கும். அதனால பேட்டர்ன் வில்லு மாதிரி வளைஞ்சு வரணும். எவ்வளவு வளைவுங்கறதுக்குக் கணக்கு இருக்கு. எனக்குக் கீழ்ச்சுற்று 16½ இஞ்ச், மேல்ச்சுற்று 14½, உயரம் 3. கீழ்ச்சுற்றை உயரத்தால பெருக்கி, ரெண்டு சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க. 16½ பெருக்கல் 3, வகுத்தல் 2. 24¾ வருது. ஒரு நூல்ல பென்சிலைக் கட்டி, 24¾ இஞ்ச்ல ஒரு வளைவு, அதுல 3 கழிச்சு 21¾ல இன்னொரு வளைவு. அவ்வளவுதான், அதுதான் உங்க கழுத்து. அளவெடுக்கும்போது டேப்புக்குள்ள ரெண்டு விரல் தாராளமா போகணும். தண்ணி குடிச்சிட்டே ஒருதடவை அளந்து பாருங்க, தொண்டை ஏறி எறங்குறதுக்கு எடம் வேணும்னு புரியும். முன்பக்கம் மட்டும் உயரத்தை 2¼க்குக் குறைச்சுக்கங்க, தாடைக்கு. பின்னால 3 அப்படியே இருக்கட்டும், ஹெல்மெட் இடைவெளி அங்கதான் அதிகம்.

இப்பத் துணி. இதைக் கேமராவுக்குக் கிட்டக் காட்டறேன் பாருங்க. சுத்திச் சுத்தி வரி வரியா ஓடுது பாத்தீங்களா? உள்ள 6 மில்லி பஞ்சுக் கயிறு. கீழ ஒரு காடாத் துணி, மேல கொஞ்சம் இழுவை இருக்கற கறுப்புத் துணி, நடுவுல கயிறு, மிஷின்ல ஜிப் ஃபுட், அதாவது ஜிப் தைக்கற ஒத்தைப் பாதம் போட்டுக் கயித்தை ஒட்டி ஒரு தையல். அடுத்த கயிறு, அடுத்த தையல். கயிறு நிக்கற எடம் திண்ணுன்னு இருக்கும், தையல் ஓடற எடம் கீல் மாதிரி மடங்கும். தலையைக் குனிஞ்சா வரியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், நிமிந்தா பிரியும். ஒரு கணக்கு கவனிங்க: 6 மில்லி கயித்தைச் சுத்தி மேல் துணி ஏறி எறங்க 9, 9½ மில்லி வேணும். அதனால மேல் துணியோட உயரத்தை ஒண்ணரை மடங்கா வெட்டிக்கங்க. தையலுக்கு விடறது தனி. மேல் துணியை கிராஸ்ல, அதாவது இழைக்குக் கோணலா வெட்டினா வளைவுல சுருக்கம் விழாது. துணி மிச்சமாகுதேன்னு நேரா வெட்டாதீங்க.

சாமானுக்கு எங்கயும் அலைய வேண்டாம். வண்டி சீட் கவர் தைக்கற கடையில போய் நில்லுங்க. ரெக்ஸின், ஸ்பாஞ்ச், காத்துப் போற ஏர் மெஷ், கெட்டி நூல், வெல்க்ரோ, எல்லாம் அங்கேயே தொங்கும். பைப்பிங் கயிறும் வச்சிருப்பாங்க. காஸ்ட்யூமுக்குன்னு சொன்னா ஒரு பார்வை பாப்பாங்க. எதுக்குண்ணான்னு கேட்டுட்டு அப்பறம் அவங்களே ஐடியா குடுப்பாங்க.

உள்பக்கத்துக்கு என்ன போடறதுன்னு யோசிக்கவே வேண்டாம், பழைய காட்டன் வேட்டி. துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆயிருக்கணும். சேலம் வெண்பட்டுல போட்டா ஜோரா இருக்குமேன்னு அக்கா ஒருத்தங்க சொன்னாங்க. கழுத்து வேர்வைக்குப் பட்டுத் துணியை வச்சா ரெண்டே நாள்ல கறை. பட்டு வேட்டி கல்யாணத்துக்கே இருக்கட்டும். இந்த உள்துணியை நிரந்தரமா தைக்காதீங்க, டிச் பட்டன் வச்சு மாட்டுங்க. சித்திரை வெயில்ல ஒரு நாள் போட்டா போதும், கழட்டித் துவைச்சே ஆகணும். தோலை அப்படித் துவைக்க முடியாதே.

அடுத்து தோல். ரெண்டு வகை. குரோம்ல பதனிட்டது ஒண்ணு: மெதுவா இருக்கும், கடையில பெரும்பாலும் இதுதான். மரப்பட்டைச் சாறுல பதனிட்டது இன்னொண்ணு, வெஜ் டேன்னு கேளுங்க. வெளிர் பழுப்பா, அட்டை மாதிரி வெறைப்பா இருக்கும். நமக்கு ரெண்டாவது. ஏன்னா நனைச்சு எந்த உருவத்துல வச்சாலும், காஞ்சதும் அதே உருவத்துல நின்னுக்கும். குரோம் தோல் நிக்காது, மறுபடி தொளதொளன்னு விழுந்துரும். பொங்கலுக்குக் காப்புக் கட்டறோமே ஆவாரம்பூ, அந்த ஆவாரஞ் செடியோட பட்டையிலதான் நம்ம ஊர்ல அந்தக் காலத்துல தோல் பதனிட்டாங்க. ரயில்ல ஜோலார்பேட்டை தாண்டுனா வாணியம்பாடி, ஆம்பூர், தோல் அங்கதான். போனா பிரியாணிக்கும் சேத்துக் காசு எடுத்துட்டுப் போங்க. தோலைச் சதுர அடிக் கணக்குல விப்பாங்க. நமக்கு அரைச் சதுர அடி கூட முழுசா வேண்டாம், துண்டு இருக்குதுங்களான்னு கேளுங்க. 2 மில்லி கனம் போதும்.

தோல் எங்கெங்க வருதுன்னா, முன்னால தொண்டைக் குழிக்குக் கீழ பிறை வடிவத்துல ஒரு தகடு, ரெண்டு தோள் பக்கமும் ஒவ்வொரு நாக்கு, பின்னால மூடற பட்டை. பிறையை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணியில முக்குங்க. குமிழி வர்றது நிக்கற வரைக்கும் கெடக்கட்டும். எடுத்து ஓரமா வைங்க. உடனே வளைக்காதீங்க, தோலோட பழைய நிறம் லேசா திரும்ப ஆரம்பிக்கும், அப்பத்தான் பதம். இந்தா பாருங்க, அச்சு என்னன்னா எங்க வீட்டுத் தூக்குப் போசி. குறுக்களவு 5 இஞ்ச், என் கழுத்துக்குக் கிட்டத்தட்ட சரி. தோலைப் போசி மேல வச்சு, பழைய துணியால சுத்திக் கட்டி, நிழல்ல ராத்திரி முழுக்க விட்டுடணும். மொட்டை மாடி வெயில்ல வச்சீங்கன்னா அப்பளம்தான், மடிச்சா வெடிச்சிரும். எவர்சில்வர் பாத்திரம்தான் வேணும். இரும்பு வாணலி, இரும்பு ஆணி, இரும்புக் கிளிப் எதுவும் ஈரத் தோல் பக்கம் வரக் கூடாது. பட்டைச் சாறுல இருக்கற துவர்ப்பும் இரும்பும் சேந்தா கருகருன்னு கறை புடிச்சிக்கும், லேசுல போகாது. வேணும்னே கறுப்பாக்கணும்னா அது வேற விஷயம், ஆணியை வினிகர்ல ஊறப்போட்டுத் தடவற ஆளுங்களும் இருக்காங்க.

தைக்கறது. தோல்ல குண்டூசி குத்தாதீங்க, குத்துன ஓட்டை ஓட்டைதான், மூடாது. துணி காயப்போடற கிளிப் போடுங்க. துணியோட சேர்ற விளிம்பை மட்டும் பிளேடால உள்பக்கம் சீவி மெலிசாக்குங்க, இல்லேன்னா படி மாதிரி தூக்கிட்டு நிக்கும். வீட்டு மிஷின்ல 2 மில்லித் தோலோட சண்டை போடாதீங்க. குத்தூசியால 4 மில்லிக்கு ஒரு ஓட்டை போட்டு, ஒரே நூல்ல ரெண்டு முனையிலயும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா போற மாதிரி கையில தைங்க. எங்கயாவது நூல் அறுந்தாலும் அடுத்த தையல் புடிச்சிக்கும். நூலைத் தேன்மெழுகுல ஒரு இழுப்பு இழுத்துக்கங்க. ஓட்டையை நெருக்கமா போட்டா அழகா இருக்கும்னு நினைக்காதீங்க, ஸ்டாம்ப் ஷீட் மாதிரி கோட்டோட கிழிஞ்சு வந்துரும்.

மேல ஓடுதே இந்த வெள்ளிக் குழாய், இது என்னன்னு கண்டுபிடிங்க பாக்கலாம். கொலுசு! முத்து வைக்காத வெறும் கொலுசு. செவ்வாப்பேட்டைப் பக்கம் பட்டறை பட்டறையா கொலுசு ஓடற ஊர்ல இருந்துக்கிட்டு, வளையற உலோகக் குழாய்க்கு ஆன்லைன்ல ஆர்டர் போடுவேனா? வெள்ளி கட்டுப்படியாகாது, இது ஜெர்மன் சில்வர். பேருதான் சில்வர், உள்ள செம்பு, துத்தநாகம், நிக்கல். நிக்கல் சில பேருக்கு அரிக்கும், அதனால உடம்புல படாம வெளிப்பக்கமே வச்சுத் தச்சிருக்கேன். புதுசு மாதிரி மின்னக் கூடாதுன்னா கறுப்பு ஷூ பாலிஷைத் தடவி, மேலாகத் துடைச்சிருங்க. இடுக்குல மட்டும் கறுப்பு தங்கும்.

வரிகளுக்கு நடுவுல சாம்பல் நிறப் பவுடர் தேச்சிருக்கேன். நிலாத் தூசு அப்படித்தான், எதுலயும் ஒட்டிக்கும், விடாது. 1972ல அப்போலோ 17ல போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசு மூக்குல ஏறி ஜலதோஷம் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. பெயிண்ட் பத்தி இவ்வளவுதான், மீதி உங்க ரசனை.

கடைசியா பின்பக்கம், இதை மட்டும் ஓட்டிவிட்டுப் பாக்காதீங்க. ஜிப் வேண்டாம், கொக்கி வேண்டாம், கட்டற நாடா வேண்டவே வேண்டாம். ஒண்ணரை இஞ்ச் வெல்க்ரோ. சொரசொரப்பா இருக்கறதை உள்மடிப்புல வெளியப் பாத்த மாதிரி தைங்க, பஞ்சுப் பக்கம் மேல்மடிப்புல கழுத்தைப் பாத்து. அப்பத்தான் பின்கழுத்தைப் பிராண்டாது, முடியும் அவ்வளவா மாட்டாது. விழா நடக்கற எடத்துல எஸ்கலேட்டர் இருக்கும், கூட்டம் இருக்கும், யாரோ ஒரு பையன் கொலுசைப் புடிச்சு இழுப்பான். ஒரே இழுப்புல கையோட வந்துரணும். வீட்டுல யாரையாவது பின்னால நிக்க வச்சு இழுக்கச் சொல்லிப் பாருங்க. தலை பின்னால சாயுறதுக்குள்ள பட்டை கழண்டா சரி. கழண்டு வரலேன்னா வெல்க்ரோ நீளத்தைக் கொஞ்சம் வெட்டிட்டு மறுபடி இழுக்கச் சொல்லுங்க. மார்க்கவசத்தோட ஒட்டிடவும் செய்யாதீங்க. கீழ் விளிம்புல இருக்கற ரெண்டு தோல் நாக்கையும் கவசத்துக்கு அடியில சொருகினாலே போதும், அது நகராது.

கழட்டி வைக்கும்போது மடிக்காதீங்க, அதே தூக்குப் போசியில சுத்தி வைங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டாதீங்க, தோல்ல பூஞ்சை வரும். ஏற்காட்டுல இருக்கறவங்க மழைக்காலத்துல வாரம் ஒருக்கா வெளிய எடுத்துக் காத்தாட விட்டே ஆகணும். குழந்தைங்களுக்குச் செய்யறதா இருந்தா தோலை மறந்துருங்க. வரித் துணி மட்டும் போதும், வெல்க்ரோவும் முக்கால் இஞ்சுக்கு மேல வேண்டாம்.