தன் கையால் விற்ற இலக்கியம்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, அருட்தந்தை அவர்களே, என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த அதிபர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் சனசமூக நிலையத் தலைவர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள்.

ஈழத்து இலக்கியம் தனக்கென்று ஒரு முகம் தேடிக்கொண்டதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம்: எழுத்தாளர் சங்கம், சஞ்சிகை, தேயிலைத் தோட்டங்களின் மலையகம்.

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. தேசிய இலக்கியம், மண்வாசனை என்று அவர்கள் பேச, பண்டிதர் சிலர் 'இழிசனர் வழக்கு' என்று முகம் சுளித்தார்கள். வயலிலும் கடலிலும் பேசுகிற தமிழ் கதைக்குள் வரக்கூடாதாம்! விமர்சகர் கைலாசபதி தினகரன் பத்திரிகை ஆசிரியரானபோது உள்ளூர்க்காரருக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டார். தன் கையே தனக்குதவி.

எழுத்தாளர் டொமினிக் ஜீவாவைப் பாருங்கள். கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். ஒரு கதிரையில் முகச்சவரம் நடக்கும், பக்கத்தில் இலக்கியச் சண்டை நடக்கும். சாதி பார்த்த யாழ்ப்பாணத்தில், முடி வெட்டிய கையாலேயே அந்த மனிதர் 1966 ஆகஸ்டில் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். அட்டையில் சினிமா நடிகையா போட்டார்? எங்கடை எழுத்தாளர், கலைஞர் முகங்களைப் போட்டார்! பிறகு பிரதிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, ஆளைக் கண்டால் மறித்து, கையில் கொடுத்துக் காசு வாங்கினார். (கைதட்டல்) தட்டுங்கோ, ஆனால் தட்டுகிற கை காசும் எடுக்க வேண்டும். தன் கையே தனக்குதவி என்று சும்மாவா சொன்னார்கள்?

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வீரகேசரி பத்திரிகை நிறுவனம் வரிசையாக உள்ளூர் நாவல்கள் போட்டது; சனம் வாங்கி வாசித்தது. கப்பல் மறித்தால்தானா எங்கள் புத்தகம் எங்கள் கண்ணில் படும்?

அதனால்தான் சனசமூக நிலையங்களைக் கேட்கிறேன். வாசிகசாலைக்குப் பத்திரிகை எடுக்கிறீர்கள், கரம் போர்டு வாங்குகிறீர்கள். வருடத்துக்குப் பத்து ஈழத்துப் புத்தகம் வாங்க முடியாதா? சற்று முன் எனக்குப் போர்த்திய பொன்னாடைக் காசில் இரண்டு வாங்கியிருக்கலாம். தலைவர் கோபிக்கக்கூடாது.

மலையகத்துக்கு நேரமில்லை, தலைவர் மணியைத் தட்டிவிட்டார். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையை அவசரத்தில் பேசுவது மரியாதையுமல்ல. வாசலில் செயலாளர் தம்பியிடம் படிவம் இருக்கிறது. எந்த நிலையம், எத்தனை புத்தகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு தேத்தண்ணி குடியுங்கோ. நன்றி, வணக்கம்.