அழுத பிள்ளை பால் குடிக்கும். அழ முடியாத பிள்ளை?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, டியூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் குழந்தைகள் நல மருத்துவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த அரங்குக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்த நகர்மன்றத் தலைவர் அவர்களையும், எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களையும் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அது முறையாகாது. இருவருக்கும் என் நன்றி.

பிறந்த குழந்தையின் மூளையில் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்க நான்கு வழிகள் உண்டு. ஒளி, காந்தம், மின்சாரம், ஒலி. நான்கையும் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழமொழி. அழுத பிள்ளை பால் குடிக்கும். சம்பள உயர்வு கேட்கிற கூட்டத்தில் சொல்வோம், சாலை கேட்கிற மனுவில் எழுதுவோம். நான் இன்று நிஜமான பிள்ளையை வைத்தே கேட்கிறேன். அழ முடியாத பிள்ளை என்ன செய்யும்?

என் அக்கா மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். பெற்றவளுக்கே கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்க்கத்தான் அனுமதி. பாட்டிக்கு அதுவும் கிடையாது. என் அக்கா சும்மா விடுகிற ஆள் இல்லை. ஒயர்கூடையும் வெந்நீர் பிளாஸ்க்குமாகக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் வந்து எழுப்பினால் நாலடி நகருவார். அவர் அந்தப் பக்கம் போனதும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். ஒருநாள் காலை ரத்தம் எடுக்க ட்ரேயோடு ஒரு நர்ஸ் உள்ளே போனார். அக்கா எழுந்து கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்த நர்ஸ் நல்ல பெண், ஆறுதலாகத்தான் சொன்னார்: "பாட்டி, உங்க பேரன் ரொம்பச் சமத்து. குதிகால்ல குத்தினேன், அழவே இல்ல." அக்கா கேட்டார்: "தொண்டைக்குள்ள குழாய் விட்டிருக்கீங்களேம்மா, அவன் எப்படி அழுவான்?" அந்தப் பெண் பதில் சொல்லாமல் ட்ரேயைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மூச்சுக்கு உதவும் வென்டிலேட்டர் கருவியின் குழாய் குரல்நாண்களின் நடுவே இறங்குகிறது. எவ்வளவு வலித்தாலும் சத்தம் வராது.

பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்றே பெரிய மருத்துவர்களும் நீண்ட காலம் நம்பினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போதுகூட, தசையை அசையவிடாத மருந்தும் லேசான மயக்க வாயுவும் போதும் என்று இருந்தார்கள். 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்திய மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும், வலிமருந்து சேர்த்தால் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவதைக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. ஆனால் ஹார்மோன் ரத்தத்தில் இருப்பது. மூளைக்கு வலி போய்ச் சேருகிறதா?

இங்கேதான் ஒளி வருகிறது. விரலுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் சிவப்பாகத் தெரியும் அல்லவா? அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். பிறந்த குழந்தையின் மண்டையோடு மெல்லியது. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் அந்த ஒளியை வேறுவேறு அளவில் உறிஞ்சும். அதை வைத்து மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கலாம். 2006-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில், சிகிச்சைக்காக எப்படியும் ரத்தம் எடுக்க வேண்டிய குழந்தைகளிடம் இப்படிப் பார்த்தார்கள். ஒரு குதிகாலில் குத்தினால் மூளையின் எதிர்ப்பக்கம் ரத்த ஓட்டம் கூடியது. கர்ப்பக் கணக்கில் 25 வார வளர்ச்சி மட்டுமே உள்ள குழந்தையிடமும் கூடியது. 2008-இல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது: சில குழந்தைகளின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, மூளை மட்டும் பதில் சொன்னது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நாம் முகத்தையும் தொண்டையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளைகளை யார் கவனிப்பது?

அடுத்தது காந்தம், அதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மயக்க மருந்து கிடையாது. பாலூட்டி, துணியில் சுற்றி, சத்தம் கேட்காதபடி காதை மூடி, தூங்கியதும் உள்ளே வைப்பார்கள். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 10 குழந்தைகளுக்கும் 10 பெரியவர்களுக்கும் பாதத்தில் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். தோலைக் கிழிக்காத சின்னக் கம்பி, அவ்வளவுதான். பெரியவர்களிடம் இயங்கிய 20 பகுதிகளில் 18 குழந்தைகளிடமும் இயங்கின. நான்கு மடங்கு பலமாகக் குத்தும்போது பெரியவர் மூளை காட்டியதை, மெல்லக் குத்தும்போதே குழந்தை மூளை காட்டியது.

மூன்றாவது மின்சாரம், அதாவது ஈ.ஈ.ஜி. தலையில் ஒட்டிய சிறு வில்லைகள் மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும். குத்துவதற்கு முன் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் முகச்சுளிப்பு குறையும், மூளையின் வலி அலை குறையவில்லை என்று 2010-இல் தெரிந்தது. சர்க்கரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதோடு கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள் என்கிறேன். 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டில், நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையான பிரஷ்ஷால் காலை வருடிய பிறகு குத்தினார்கள். வலி அலை குறைந்தது. 30 சென்டிமீட்டர் வேகத்தில் வருடியபோது குறையவில்லை. எந்தத் தாயும் பிள்ளையைத் தடவும்போது அவள் கை தானாகவே மெல்லத்தான் போகும். 2021-இல் லண்டன் குழு, தாயின் தோலோடு தோலாக இருந்த குழந்தைகளின் மூளையில் வலியின் எதிரொலி தணிந்திருப்பதைக் கண்டது.

நான்காவது, உச்சிக்குழி வழியாக ஒலி செலுத்தி மூளை ரத்த ஓட்டத்தைப் படம்பிடிப்பது. பாரிஸில் 2017-இல் செய்து காட்டினார்கள். நேரமாகிறது, அதை மருத்துவர் அம்மா விளக்குவார். எனக்கு இதைவிட அவசரமான வேலை இருக்கிறது.

தாயை உள்ளே விட்டால் தொற்று வரும் என்பார்கள். இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து, எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் நெஞ்சோடு வைத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. வழக்கமான முறையில் 28 நாளுக்குள் நூற்றுக்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தன, நெஞ்சோடு வைத்த குழந்தைகளில் 12. தொற்று என்று சந்தேகப்பட்டவையும் குறைவுதான். கை கழுவவும் கவுன் போடவும் தாய்க்குச் சொல்லிக் கொடுக்க முடியாதா என்ன?

அழுத பிள்ளை பால் குடிக்கும். அழ முடியாத பிள்ளைக்காக நாம்தான் கேட்க வேண்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறோம், மனு தயார். குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது, உடல்நிலை இடம் கொடுத்தால் தாயின் நெஞ்சில் வைத்து எடுக்க வேண்டும், இன்குபேட்டரிலேயே எடுக்க வேண்டியிருந்தால் தாயின் கை உள்ளே இருக்க வேண்டும். இரண்டே கோரிக்கைகள். முதல் கையெழுத்து என் அக்காவுடையது. அடுத்ததாக அவைத் தலைவர் அவர்கள் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.