செய்கூலியும் சேதாரமும்

(தனியாக வடிவமைப்புத் தொழில் தொடங்கவிருக்கும் இளைஞர்களிடையே நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

வாடிக்கையாளர்களை எப்படிப் பிடிப்பது என்று பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. 14 ஆண்டுகளுக்கு முன் என்னோடு இந்தத் தொழிலில் இறங்கியவர்களில் பலர் இன்று இதில் இல்லை. வேலை கிடைக்காததால் அவர்கள் போகவில்லை. செய்த வேலைக்குக் கூலி வாங்கத் தெரியாததால் போனார்கள். என்னைவிடக் கைத்திறன் கூடியவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால் கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் தனியாகத் தொழில் தொடங்கிய முதல் ஆண்டு, நம் மாவட்டத்தில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு துணிக்கடைக்குச் சின்னம் வரைந்து கொடுத்தேன். பேசிய தொகை 6,000 ரூபாய். இரண்டு மாதத்தில் 11 மாதிரிகள் வரைந்தேன். கடைசியில் முதல் மாதிரியையே எடுத்துக்கொண்டு, 2,000 ரூபாய் கொடுத்தார்கள். "எடுத்தது ஒன்றுதானே, மற்றதற்கு எதற்குப் பணம்?" என்று கேட்டார் முதலாளி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்போது வடசேரியில் என் அறைக்குக் கீழே ஒரு பெரியவர் கோவில் நகை செய்துகொண்டிருந்தார். நாட்டியம் ஆடுகிறவர்கள் அணியும் தலைசாமானும் ஒட்டியாணமும் செய்பவர். இந்த ஊர் வடசேரியில் செய்யும் இந்த நகைக்கு 'நாகர்கோவில் கோவில் நகை' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அரக்கு வைத்துச் சிவப்புக் கெம்புக் கல் பதித்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு என் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "மக்களே, செய்கூலி போட்டிருக்கிறாய். சேதாரம் எங்கே?" என்றார்.

அந்தக் கேள்விதான் என் தொழிலை மாற்றியது. அரம் போடும்போது உதிர்கிற பொடியை அவர் வேலை முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பதில்லை. வேலையைத் தொடங்கும் முன்பே, இந்த உருப்படிக்கு இவ்வளவு போகும் என்று சொல்லிவிடுகிறார். நான் வரைந்து தள்ளிவைத்த பத்து மாதிரிகள் என் அரப்பொடி. அவர்கள் எடுத்தது முதல் மாதிரி என்றாலும், மற்ற பத்தையும் பார்த்த பிறகுதானே அதுதான் சரி என்று அவர்களுக்குத் தெரிந்தது? அன்றிலிருந்து நான் கொடுக்கும் விலைத்தாளில் இரண்டு முறை திருத்தம் கூலிக்குள் அடக்கம். மூன்றாவது திருத்தத்திலிருந்து தனித் தொகை. அது எவ்வளவு என்றும் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். சண்டை வந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பதில் தெரியாமல் நின்றதில்லை.

அச்சாரமும் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் வில்லுப்பாட்டுக் குழுவுக்கு அச்சாரம் கொடுத்து உறுதிசெய்கிறோம். அந்த நாளில் வேறு ஊர் வந்து எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் குழுத் தலைவரான அண்ணாவி அசையக் கூடாது. அச்சாரம் கொடுத்த ஊரும் பின்வாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் கட்டுப்படுகிறது. இதே ஊரில் வளர்ந்துவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்ததும் நாம் அச்சாரம் கேட்கக் கூச்சப்படுகிறோம். நான் பாதித் தொகை வாங்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. முழுத் தொகை வராமல் மூலக் கோப்பைக் கொடுப்பதுமில்லை.

உறவுக்காரரும் ஊர்க்காரரும் கேட்டால் என்ன செய்வது என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நம் மாவட்டம் சிறியது. கல்யாண வீட்டில் பார்ப்போம், சர்ச்சில் பார்ப்போம், வடசேரிச் சந்தையில் பார்ப்போம். நான் கண்ட வழி இது: கொடுத்தால் முழுவதும் இலவசமாகக் கொடுப்பேன், இல்லாவிட்டால் முழு விலை. எங்கள் தெரு நூலகத்துக்கு இன்றுவரை ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பாதி விலைக்குச் செய்த வேலைகள்தான் உறவையும் கெடுத்தன, உழைப்பையும் தின்றன.

இனி உரிமை. இதில்தான் எனக்கு ஆறாத காயம் ஒன்று உண்டு. ஓர் அச்சகம் கேட்டதற்காகக் கொடை நோட்டீசுக்கு ஓர் அம்மன் படம் வரைந்தேன். வண்ணம் தீட்டி முடிக்க ஒன்பது நாள் ஆனது. அடுத்த ஆண்டே அந்த முகத்தைப் பல ஊர் நோட்டீசுகளில் பார்த்தேன். கேட்கப் போனபோது, "காசு வாங்கித்தானே வரைந்தீர்கள்?" என்றார்கள். பிறகு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுத்த புகைப்படத்துக்கும் வரைந்த ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர். என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை. அந்த முகம் என் கையைவிட்டுப் போய்விட்டது.

புகைப்படக்காரர்களும் ஓவியர்களும் இதைக் கவனமாகக் கேளுங்கள். வேலைக்கு முன்பே, உரிமை யாருக்கு, எதற்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

பாக்கி வராதவர்களுக்கு ஒரு செய்தி. ஆதாரும் பான் எண்ணும் வைத்து 'உத்யம்' என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். வேலைக்கு முன்பே அதைச் செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லின் அடியில் பதிவு எண்ணை அச்சிட்ட பிறகு எனக்கு வரவேண்டிய பணம் வேகமாக வரத் தொடங்கியது. நிறுவனங்கள் பிடிக்கும் வருமான வரியும் உங்கள் பணம்தான். வரம்புக்குக் கீழே சம்பாதித்தாலும் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள்.

வருமானம் மாதா மாதம் ஒரே சீராக வராது. பங்குனி, சித்திரையில் கொடை நோட்டீசுகள் நிறைய வரும். டிசம்பர் மூன்றாம் தேதி முடியும் கோட்டார் சவேரியார் திருவிழாவையொட்டியும் ஓயாத வேலை. ஆடியில் கல்யாண அழைப்பிதழ் ஒன்றுகூட வராது. கொடைக் காலத்தில் வந்ததில் ஆடிக்கு எடுத்துவைத்த பிறகுதான் மற்ற செலவு.

அந்தப் பெரியவர் போன ஆண்டு மேலே வந்தார். பேரனின் கடைக்கு விசிட்டிங் கார்டு வேண்டுமாம். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அவரிடம் எப்படிப் பணம் வாங்குவேன்? "உங்களுக்கு இலவசம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பொதியைத் திறந்து, அதற்குள்ளிருந்து 500 ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "இது அச்சாரம். சேதாரத்தையும் சேர்த்து எழுதிக் கொண்டுவா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் பயன்படுத்தும் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். புரியாத வரி இருந்தால் இப்போதே கேளுங்கள். நான் கடைசி பஸ்ஸுக்குத்தான் போகிறேன்.