கொடியும் குளிசையும்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியோருக்கும், வாசலில் நிற்கும் தம்பி, தங்கச்சிமாருக்கும் வணக்கம். உள்ளே இடம் இருக்கிறது, வந்து இருங்கோ.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பார்மசியில் நின்றவன். மனநோய் பற்றிப் பேச வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இதைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று நானாகத்தான் கேட்டு வந்தேன். காரணம் ஒரு அக்கா. அவருடைய கணவருக்கு இரண்டு வருடமாக மனச்சோர்வு. கிளினிக்கில் கொடுத்த புளூஒக்செற்றின் குளிசை எடுக்கிறார், பெரிய சுகம் இல்லை. கனடாவில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். தென்னமெரிக்கக் காட்டுக் கொடி ஒன்றை அவித்துக் குடித்தால் ஒரே நாளில் மனம் தெளியும் என்று அதில் சொல்கிறார்கள். பொடியாக வாங்கி அனுப்பவும் மகன் தயார். "தம்பி, செடிதானே, ஒண்டும் செய்யாது. குளிசையோட சேர்த்துக் குடுக்கலாமோ?" என்று அக்கா கேட்டார்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஏன் பதறியது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் முதலில் ஒன்று: அந்த மகன் அனுப்பியது முழுப்பொய் அல்ல.

அந்தப் பானத்தின் பெயர் அயாவாஸ்கா. அமேசன் காட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருவது. நாங்கள் தடிமனுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவிப்பதைப்போல அவர்களும் இரண்டு பொருளைச் சேர்த்து மணிக்கணக்காக அவிக்கிறார்கள். ஒன்று இடித்த கொடி, மற்றது ஒரு செடியின் இலை. இலையில் டிஎம்டி என்ற பொருள் இருக்கிறது. மனக்கண்ணில் காட்சிகளை எழுப்புவது அதுதான். ஆனால் இலையை மட்டும் அவித்துக் குடித்தால் ஒன்றும் நடக்காது. குடலிலும் ஈரலிலும் இருக்கும் எம்ஏஓ என்ற நொதியம் டிஎம்டியை உடைத்துப் போட்டுவிடும். கொடியில் உள்ள ஹார்மின் போன்ற பொருட்கள் அந்த நொதியத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. அப்புறம்தான் டிஎம்டி மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஆய்வுகூடம் இல்லாத காட்டில் இந்தச் சேர்மானத்தை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வரும்.

இந்த எம்ஏஓ தடுப்பு மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் காசநோயாளருக்கு ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழும்பிச் சிரிக்கவும் ஆடவும் தொடங்கினார்கள். அந்த மருந்து தடுத்ததும் இதே நொதியத்தைத்தான். மனச்சோர்வுக்கு முதலில் வந்த மருந்துகளில் ஒன்றாக அது ஆனது. பிறகு ஈரலைக் கெடுக்கிறது என்று கைவிட்டார்கள்.

சரி, அயாவாஸ்காவுக்குத் திரும்புவோம். பிரேசிலின் நத்தால் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் அதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைந்தது இரண்டு வகை மருந்து எடுத்தும் மனச்சோர்வு மாறாத 29 பேர். 14 பேருக்கு ஒரே ஒரு தடவை அயாவாஸ்கா, 15 பேருக்குப் போலிப் பானம். போலி என்றால் வெறும் தண்ணீர் அல்ல. அதே மண்ணிறம், புளிப்பு, வயிற்றைப் பிரட்ட நாகச் (சிங்க்) சல்பேற்று. ஏழாம் நாள் பார்த்தபோது அயாவாஸ்கா குடித்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. போலி குடித்தவர்களில் 27 சதவீதம்.

64 என்ற எண்ணைத்தான் வீடியோக்கள் பிடித்துக்கொள்கின்றன. என்னை நித்திரை இல்லாமல் செய்தது அந்த 27. மருந்தே இல்லாத புளித்தண்ணியைக் குடித்தவர்களில் நாலில் ஒருவருக்குச் சுகம் தெரிகிறது. நோய் தன்பாட்டில் ஏறி இறங்குவதும் அதில் ஒரு பங்குதான். ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள். அவர்களை அமைதியான ஓர் அறையில் வைத்து, முழுநேரமும் கவனித்து, என்ன செய்கிறது என்று அக்கறையோடு கேட்டிருக்கிறார்கள். எங்கள் கிளினிக்கில் விடியவே வந்து இலக்கம் எடுத்துக் காத்திருப்பவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது? வைத்தியரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு முன்னால் இருக்கும் வரிசை அப்படி. நாங்களும் மனதில் உள்ளதை நேரே சொல்வதில்லை. "தலை இடிக்குது, நெஞ்சு அடைக்குது, ஒரே யோசினை" என்றுதான் தொடங்குவோம். எங்கள் சனத்தின் துயரம் உடம்பு நோவாக வெளிவருவதைப் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பல வருடமாக எழுதி வந்திருக்கிறார்கள். இடம்பெயர்வும் இழப்பும் இல்லாத வீடு இந்த ஊரில் எங்கே இருக்கிறது?

இந்த ஆய்வுக்குக் குறையும் உண்டு. 29 பேர் என்றால் இந்த மண்டபத்தில் முன் வரிசைகளுக்குக்கூடக் காணாது. காட்சி கண்டவருக்குத் தான் குடித்தது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏழு நாளுக்குப் பிறகு எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் இது காட்டாது. இருந்தாலும் எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. வழமையான குளிசை வேலை செய்யக் கிழமைக்கணக்காகும், சிலருக்கு அதுவும் செய்யாது. அப்படிப்பட்டவர்களுக்காக ஒருவர் இவ்வளவு பொறுமையாகத் தேடுகிறார் என்றால் நான் கைகூப்புவேன்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் முதலில் வைத்தியரின் கண்காணிப்பில் பழைய மருந்தை நிறுத்தினவர்கள். வீடியோவில் சொல்லாமல் விட்டது இதைத்தான். புளூஒக்செற்றின் எடுக்கும் உடம்பில் எம்ஏஓவைத் தடுத்தால் செரட்டோனின் என்ற மூளை இரசாயனம் அளவுகடந்து ஏறும். நடுக்கம், கடும் காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, உயிருக்கே ஆபத்து. குளிசையை நேற்று நிறுத்திவிட்டோம் என்றாலும் சரிவராது. புளூஒக்செற்றின் உடம்பை விட்டுப் போகக் கிழமைகள் செல்லும். எம்ஏஓவைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க ஐந்து கிழமையாவது பொறுக்க வேண்டும் என்பது மருந்துப் புத்தகங்களில் உள்ள விதி. மனப்பிறழ்வு நோய் இருந்தவர்களுக்கு இந்தப் பானம் அந்த நோயையே திரும்பக் கிளப்பலாம். செடிதானே என்கிறோம். வேலியோரத்து ஊமத்தையும் செடிதான்.

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் அழுதார். "அப்ப அவருக்கு ஒரு வழியும் இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது அக்கா, ஒரு குளிசை கேட்காவிட்டால் வேறு வகை இருக்கிறது, அளவை மாற்றலாம், கதைத்துக் குணப்படுத்தும் முறைகளும் இருக்கின்றன, சுகமில்லை என்பதை வைத்தியரிடம் திறந்து சொல்லுங்கோ என்றேன். இரண்டு வருடமாக அவர்கள் அதைச் சொல்லவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

சபையில் எழும்பிக் கேட்க வெட்கமாக இருந்தால் பரவாயில்லை. தேநீர் முடியும்வரை பின்பக்க வாங்கில் இருப்பேன். குளிசையின் பெயர் தெரியாதவர்கள் வெறும் மட்டையைக் கொண்டுவந்து காட்டினாலும் போதும்.