அப்பா சம்மதித்துவிட்டார், ஆனால் அந்த 100 ரூபாய்!

வணக்கம் மக்களே. சென்ற மாதம் வரை ராணுவ ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஏரிக்கரையில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்கப் படாத பாடு பட்ட என்னையே பார்த்துப் பழகிய உங்களுக்கு, இன்றைய காணொளி வியப்பாக இருக்கலாம். நேற்று அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அதுவும் அப்பாவின் சம்மதத்தோடு.

வேலூர்ப் பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகும் குடும்பங்கள் புதிதல்ல. அப்பாவும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். "எனக்குச் சோறு போட்ட ராணுவம் உனக்குப் போடாதா?" என்பார். மூன்று வாரம் வாதாடித் தோற்ற பிறகு, வாயை மூடிக்கொண்டு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்கெழுதி அவருடைய காபி டம்ளருக்கு அடியில் வைத்தேன். 2022இல் அக்னிபத் என்னும் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு சிப்பாயாகச் சேர்பவருக்கு 4 ஆண்டுப் பணிதான். முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 பிடித்தம் போகக் கைக்கு 21,000. முடிவில் சேவா நிதி என்னும் மொத்தத் தொகையாகப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். பணியில் தொடர்வோர் 25 சதவீதத்துக்கு மேல் இல்லை, மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. ஓய்வூதியம் பற்றிய வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இருமுறை படித்தார்.

சொல்ல மறந்துவிட்டேன், தாளின் கீழ்ப்பகுதியில் இன்னொன்றும் எழுதியிருந்தேன். பட்டம் பெற்று, படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சி.டி.எஸ். தேர்வில் வென்றால் அதிகாரியாகவே சேரலாம்; சென்னைப் பரங்கிமலையில் பயிற்சி என்றால் குறுகிய காலப் பணி, நிரந்தரப் பணிக்கு டேராடூன். "அப்போது நான் உனக்கு சல்யூட் அடிக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50. கைப்பேசியிலேயே முடித்திருக்கலாம், சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய வேண்டுமே என்று கணினி மையத்துக்குப் போனேன். அங்கே 150 வாங்கினார்கள்! இரண்டே தாளுக்கு 100 ரூபாய்! அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று வீட்டில் பெருமை பேசியவன், சேர்வதற்கு முன்பே 100 ரூபாயைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "ரசீது வாங்கினாயா?" இல்லை என்றேன். பழைய ரெஜிமென்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்.