கேஸ் பேப்பரைத் தொலைக்காதீர்கள்

(தாராவியில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கார்டு ரூமில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரைக்கு எந்த மாத்திரை நல்லது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உங்கள் ஃபைல் எங்கே போகிறது, கேட்கும்போது ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால் விடிய விடியச் சொல்வேன்.

‘கவர்மெண்ட் ஆஸ்பத்திரி’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மும்பையில் அதற்கு முதலாளிகள் பல பேர். சயான், பரேலில் இருக்கும் கே.இ.எம்., மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர், ஜூஹூ பக்கம் கூப்பர், இதெல்லாம் மாநகராட்சி நடத்துவது. பைகுல்லா ஜே.ஜே. மாநில அரசுடையது. பரேலிலேயே இருக்கும் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி 1962 முதல் மத்திய அணுசக்தித் துறையின் கையில். அணுவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள், கதிர்வீச்சு சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓரிடத்தில் போட்ட கேஸ் பேப்பர் (நோயாளியின் பதிவுச் சீட்டு) நம்பர் இன்னோரிடத்தில் செல்லாது. அங்கே நீங்கள் புது ஆள். உங்கள் பழைய கதையைச் சொல்வதற்கு உங்கள் கையில் இருக்கும் காகிதம்தான் இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் இருப்பது சயான். 1947-இல் ராணுவம் விட்டுப்போன பாரக்ஸில் ஐம்பது படுக்கையோடு ஆரம்பித்தது. இன்று படுக்கைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 1964-இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கு நாம் எதற்கெல்லாம் போகிறோம்? சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. காலை ஆறு மணிக்கு லைனில் நின்று, பதினோரு மணிக்கு ஒரு பாரசிட்டமால் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வருகிறோம். சந்துக்குள் வந்து கதவைத் தட்டும் சுகாதாரப் பணியாளரான ஆரோக்கிய சேவிகாவில் தொடங்கி, ஹெல்த் போஸ்ட், டிஸ்பென்சரி, நம் தாராவியிலேயே இருக்கும் ‘சோட்டா சயான்’ சுகாதார மையம் என்று வழியில் எத்தனை படி இருக்கிறது. 2022-இல் வந்த ‘ஆப்லா தவாகானா’ என்ற மாநகராட்சிக் கிளினிக்குகளில் பல சாயங்காலமும் திறந்திருக்கின்றன, வேலை முடிந்து வரும்போதே பார்த்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி வந்தபோது இந்தச் சின்னப் படிகள்தான் நம்மைத் தாங்கின. வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள், நம் சந்து டாக்டர்களும் கூட இறங்கினார்கள். உலக சுகாதார நிறுவனமே பிறகு தாராவி பெயரைச் சொல்லிப் பாராட்டியது.

சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கேஸ்தான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை ‘யூனிட்’. மெடிசின் என்றால் ஒரே மெடிசின் இல்லை, அதற்குள் பல யூனிட். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை டாக்டர், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், அதற்கும் கீழே படித்துக்கொண்டே வேலை பார்க்கும் ரெசிடெண்ட் பிள்ளைகள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் தனி ஓபிடி (வெளிநோயாளிகளைப் பார்க்கும்) நாள், தனி எமர்ஜென்சி நாள். நீங்கள் எந்த யூனிட்டின் எமர்ஜென்சி நாளில் அட்மிட் ஆனீர்களோ, அப்புறம் நீங்கள் அந்த யூனிட்டின் ஆள்தான். டிஸ்சார்ஜ் கார்டின் மூலையில் யூனிட் நம்பர் இருக்கும். அதைப் பார்த்து, அந்த யூனிட்டின் ஓபிடி நாளில் போக வேண்டும்.

இந்த விவரம் எனக்கே பட்டுத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு கார்டைக் கொடுத்து ‘வந்து காட்டுங்கள்’ என்றார்கள். எனக்குத் திங்கள்கிழமை லீவு, திங்கள்கிழமை கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் லைன். ஜன்னலில் இருந்தவர் கார்டைத் திருப்பிப் பார்த்து ‘வியாழக்கிழமை வா’ என்று தள்ளிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த வாரமும் திங்கள்தான் போனேன், எனக்கு அன்றைக்குத்தானே லீவு! மறுபடியும் அதே ஜன்னல், அதே வியாழக்கிழமை. அப்பா படியில் உட்கார்ந்துகொண்டு ‘ஏலே, நம்மூர் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம்ல’ என்றார். கார்டில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, எங்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. பிறகு நானே ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தபோது நாளை மட்டும் சொல்லி யாரையும் அனுப்பியதில்லை, காரணத்தையும் சேர்த்துச் சொல்வேன்.

ரெசிடெண்ட் பிள்ளைகள் மூன்று வருடத்தில் படித்து முடித்துப் போய்விடுவார்கள். ‘அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா எங்கே’ என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் எத்தனையோ பேர். டாக்டரம்மா கோலாப்பூருக்கோ நாக்பூருக்கோ போயிருப்பார். அவர் எழுதிய நாலு வரி ஃபைலில் இருக்கும். புதுசாக வந்தவர் அதைத்தான் படிப்பார்.

காகிதம் இல்லாமல் உள்ளே போகக்கூடிய இடம் கேஷுவாலிட்டி என்ற அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றுதான். விபத்து கேஸ் என்றால் முதலில் சிகிச்சை, போலீஸ் பேப்பர் பிறகு. 1989-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரயிலில் அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவருக்குப் பெயர் இருக்காது. ‘அன்நோன்’ என்று எழுதி ஒரு நம்பர் போடுவோம். ரெண்டு நாள் கழித்து மனைவி தேடிக்கொண்டு வருவார். சட்டை நிறம், செருப்பு, டிபன் டப்பா என்று அடையாளம் சொல்லச் சொல்ல, அந்த நம்பருக்குப் பக்கத்தில் ஒரு பெயர் ஏறும். அப்படி எழுதும்போது என் கை நடுங்கிய நாட்கள் உண்டு.

அதே 1989-இல்தான் சயானில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் வங்கி அது. குறைமாதத்தில் பிறந்து, தாயிடம் பால் ஊறாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு மற்றத் தாய்மார் கொடுக்கும் பால். கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் குளிர்விப்பது, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் உறைய வைப்பது. அந்தப் புட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்தப் பால் எப்போது வந்தது என்பது அதில்தான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாநில அரசின் இலவச சிகிச்சைத் திட்டமான மகாத்மா ஜோதிபா புலே திட்டத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டுமானால் ரேஷன் கார்டும் ஆதாரும், ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்துக்காக உட்கார்ந்திருக்கும் ஆரோக்கிய மித்ராவின் மேஜைக்கு முதலிலேயே போக வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் தேதி கிடைக்கும். ஆபரேஷனை முடித்துவிட்டுப் பிறகு கார்டைத் தேடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. திட்டத்தில் வராத செலவு என்றால் ஆஸ்பத்திரியின் சோஷியல் வொர்க்கரைப் பாருங்கள். ஏழை நோயாளிகளுக்காகப் புவர் பாக்ஸ் நிதி என்று ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் தருவார்கள்.

எங்கள் ஓபிடிக்கு ஒரு பாட்டி வருவார், திருநெல்வேலிப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாக் காகிதமும் ஒரு பழைய முறுக்கு டப்பாவில், தேதி வாரியாக, அடியில் பழசு, மேலே புதுசு. எப்படிப் பாட்டி வரிசை தெரிகிறது என்று கேட்டேன். ‘வந்ததும் மேல வச்சிருவேன் ராசா, எடுத்தா எடுத்த எடத்துல’ என்றார். ஒரு நாள் இதய டாக்டர் அந்த டப்பாவைத் திறந்து பத்து வருடம் முந்தைய ஈசிஜியை எடுத்துப் புதியதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். காகிதத்தில் எண்ணெய்க் கறை. ‘ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, பயப்பட ஒன்றுமில்லை’ என்று டப்பாவை மூடிக் கையில் கொடுத்தார்.