"ஜோடி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள்

(காட்சி: போன வருஷம் எடுத்தது. கண்ணாடித் தொட்டியின் மூலை, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒற்றை மீன்.)

குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிறதே, அது வரிக்குதிரை டேனியோ. வாங்கியது மூன்று. அதில் பெரியது மற்ற இரண்டையும் விடாமல் துரத்தியது. ஒன்று செத்தே போனது. இதன் வாலைப் பாருங்கள், ஓரமெல்லாம் பிய்ந்திருக்கிறது. நோய் என்று நினைத்து மருந்து வேறு ஊற்றினேன். நோயே இல்லை. கூட்டம் பத்தவில்லை, அவ்வளவுதான்.

மீன் கடையில் நம் வாயில் முதலில் வருவது "ஜோடி எவ்வளவு?" என்பதுதான். டேனியோ, டெட்ரா, செர்ரி பார்ப் எல்லாம் ஜோடிக் கணக்கில் அடங்காது. பாம்பன் பாலத்திலிருந்து கீழே பார்த்தால் பொடிமீன் கூட்டம் ஒரே சமயத்தில் வெட்டித் திரும்புமே, அதே சங்கதிதான் இங்கேயும். பக்கத்து மீனைக் கண் பார்க்கிறது; உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பு தண்ணீரின் அசைவைப் பிடிக்கிறது. கூட்டம் இல்லாவிட்டால் பயந்து ஒளியும், இல்லை ஒன்றையொன்று கொத்தும். ஆறுக்குக் குறைவாக வாங்காதீர்கள்; பத்து என்றால் இன்னும் நல்லது. அதற்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி வேண்டும். ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும்.

சரி, எந்த மீன்? எல்லோருக்கும் நியான் டெட்ரா மேல்தான் கண். அது அமேசான் பக்கத்து மீன். உப்புக் குறைந்த மென்தண்ணீரும் 25 டிகிரியை ஒட்டிய சூடும் கேட்கும். நமக்கோ போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அவ்வளவு கடினத் தண்ணீர். சித்திரையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும். என் ஓட்டு டேனியோவுக்குத்தான். கங்கைப் பக்கத்து மீன், கொஞ்சம் கடினத் தண்ணீரையும் வெயிலையும் தாங்கும். செர்ரி பார்பும் பரவாயில்லை. இலங்கை ஓடைகள்தான் அதற்குச் சொந்த ஊர். தனுஷ்கோடிக்காரர்களுக்கு அடுத்த வீடு மாதிரி.

(காட்சி: வாய் அகன்ற வாளி, திறந்தபடி.)

தாங்கும் என்பதற்காக உப்புக் கரிக்கும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சில சொட்டு.

வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டியிலும் அதேதான் நடக்கிறது. குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் வீட்டுக்குள் குட்டி உப்பளம் தயார். ஆவியான அளவுக்குக் கேன் தண்ணீர் ஊற்றுங்கள், அதில் உப்பு மிகக் குறைவு. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரை மாற்றுங்கள்.

அப்புறம், கடற்கரையில் பொறுக்கிய சங்கும் பவளத்துண்டும் அழகுக்குப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டும் சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். பவளத்தை எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆற்றுக் கூழாங்கல் போதும்.

தொட்டி வைத்த அன்றே மீனை விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். பஞ்சை அலசுவதும் தொட்டித் தண்ணீரிலேயே; குழாயில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

(காட்சி: இன்றைய தொட்டி. ஒன்பது டேனியோக்கள்.)

மிஞ்சிய இரண்டோடு இன்னும் ஏழு சேர்த்தேன். இப்போது யாரைத் துரத்துவது என்றே அந்தப் பெரியதற்குத் தெரியவில்லை. பாதி தூரம் விரட்டும், நடுவில் வேறொன்று குறுக்கே வரும், விட்டுவிடும். பிய்ந்த வாலும் வளர்ந்துவிட்டது.

மேலே வலை மூடி தெரிகிறதா? டேனியோ நன்றாகத் துள்ளும். மூடி போட மறந்தால் காலையில் தரையில் கருவாடுதான்.